எந்த சைக்கிள், குட்டி?

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி இன்றோடு மூன்று வாரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அதே ஜன்னலோர மேசை, அதே கிறீச்சிடும் நாற்காலி, ஆட்கள்தான் புதுசு. குட்டி இன்று நர்சரி வாசலில் அழவில்லை. நான்தான் பஸ் நிறுத்தத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

"நாலு வயசுப் பிள்ளைய நர்சரியில விட்டுட்டு, என்னமோ போருக்கு அனுப்பின மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கியேம்மா" என்கிறார் இவர். இவருக்கென்ன, லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் "அறாது" என்று ஒரே வார்த்தை. சொல்லிவிட்டுக் குறட்டையும் விடுவார். எனக்கு அந்த "அறாது" வாயில் வருவதில்லை.

மார்ச் 5, வியாழன்

குட்டி இப்போதுதான் தூங்கினாள். எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

காலை எட்டே முக்கால் இருக்கும். தூறல். நர்சரி வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, நடைபாதையில் — ரோட்டில் இல்லை, நடைபாதையில் — பின்னாலிருந்து ஒரு சைக்கிள். மணி அடிக்கவில்லை. ஹேண்டில் குட்டியின் தோளில் இடித்தது. குப்புற விழுந்தாள். எழுந்தபோது தாடையிலிருந்து ரத்தம் சட்டைக்கு வந்துவிட்டது. நான் நாள் முழுக்க ரத்தம் எடுப்பவள். எங்கே அழுத்திப் பிடிப்பது என்று இன்றுதான் மறந்துபோனது.

ஓட்டிய ஆள் ஒரு காலை ஊன்றி நின்றது. திரும்பிப் பார்த்தது. பார்த்தது! அப்புறம் மிதித்துக்கொண்டு போய்விட்டது. சாம்பல் நிற மழைக்கோட்டு, தலையை மூடிய தொப்பி. ஆணா பெண்ணா தெரியவில்லை. பச்சை சைக்கிள். பின்னால் கேரியரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அவ்வளவுதான்.

மூன்று தையல். "அம்மா, நூல் போடறாங்க, துணிக்குப் போடற மாதிரி" என்றாள், அழுகைக்கு நடுவில்.

எப்படி மனசு வந்தது? ஒரு குழந்தை கீழே கிடக்குது, எப்படிப் போக முடிஞ்சுது?

மார்ச் 6, வெள்ளி

இவரிடம், "கையப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்" என்று சொன்னேன். பிடித்திருக்கவில்லை. அவள் பையின் ஜிப்பை மூடுவதற்காக விட்டிருந்தேன். நாலு செகண்ட். ஐந்தாகவும் இருக்கலாம்.

மார்ச் 7, சனி

காவல் நிலையம் போனோம். எழுதிக்கொண்ட காவலர் நல்ல மனிதர்தான். "வண்டி நம்பர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பேனாவை வைத்துவிட்டார்.

"சைக்கிளுக்கு ஏதும்மா நம்பர்? பழக்கதோஷத்துல கேட்டுட்டேன்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மோட்டார் பைக்னா பத்து நிமிஷம். இதுக்கு... ஊர்ல பச்சை சைக்கிள் எத்தனையோ இருக்கு. யாராவது பாத்தா சொல்லுங்க."

வெளியே வரும்போது எனக்குத் தோன்றியது: மோட்டார் பைக்குக்கு உண்டு, காருக்கு உண்டு, குப்பை லாரிக்கு உண்டு. குழந்தையை இடித்துவிட்டு ஓடக்கூடிய ஒன்றுக்கு மட்டும் ஏன் முகவரியே இல்லை?

மார்ச் 9, திங்கள்

நகரசபைக்கு மனு எழுதிவிட்டேன். ஒவ்வொரு சைக்கிளிலும் தெளிவாகத் தெரியும்படி பதிவு எண் வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போனால் எண்ணை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். ஒன்றரைப் பக்கம். கல்லூரியில் படித்ததெல்லாம் இதற்காவது உதவட்டும்.

இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் வேலைக்குப் போவதே சைக்கிளில்தான், கருவிப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு.

"என் சைக்கிளுக்குமா?"

"உங்களுதுக்குந்தான்."

"குட்டியோட மூணு சக்கர வண்டிக்கு?"

"விளையாடாதீங்க."

"இல்லம்மா, கேக்கறேன். அது என் கால்ல எத்தனை தடவை ஏறியிருக்கு தெரியுமா? ஒரு தடவையாவது நின்னு மன்னிப்பு கேட்டிருக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகக் கோபமும் வந்தது. பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் அழுக்கைத் துடைத்துக் காட்டினார். சைக்கிளின் இரும்புச் சட்டத்திலேயே பொறித்த எண். தொழிற்சாலையிலேயே போட்டுவிடுவார்களாம். "நம்பர் பொறந்ததுலேர்ந்து இருக்கு. யார் பேர்லன்னுதான் யாரும் எழுதி வெக்கல" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நம்பர் இருந்திருந்தா அந்த ஆள் நின்னிருப்பான்னு நினைக்கறியா?" என்றார்.

நம்பர் இருக்கிற கார்கள்கூட இடித்துவிட்டு ஓடத்தான் செய்கின்றன. ஆனால் தேட ஒரு நூல் முனையாவது இருக்கும் இல்லையா? பயமாவது இருக்கும். எனக்கு மட்டும்தான் பயம் இருக்க வேண்டுமா?

மார்ச் 12, வியாழன்

அறுபத்து மூன்று கையெழுத்து. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்தான் என்னைவிட வேகம். "பின்னாடி நம்பர் தொங்கினா பத்தாதும்மா, ஓட்டறவன் முதுகுலயும் அச்சடிக்கணும்" என்கிறார். இருபத்தேழாம் தேதி நகரசபையில் பொதுக் கருத்துக் கேட்பு. எனக்கு ஐந்து நிமிஷம் பேச நேரம் தந்திருக்கிறார்கள். மேடை ஏறி எனக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் பேசுவேன்.

மார்ச் 14, சனி

கிடைத்துவிட்டது!

மருந்துக்கடை வாசலில், கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருந்தது. பச்சை சைக்கிள். கேரியரில் வெள்ளைப் பெட்டி. ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஓட்டிவந்த ஆளுக்காக ஏன் காத்திருக்கவில்லை? தெரியவில்லை. எதிரில் நின்று கேட்கப் பயம், வேறென்ன.

குட்டியை மடியில் உட்கார வைத்துக் காட்டினேன். "இந்த சைக்கிள்தானே உன்னை இடிச்சுது?"

தலையாட்டினாள்.

"நல்லாப் பாத்து சொல்லு. இதுதானே?"

இன்னும் பலமாக ஆட்டினாள்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். "என் மகளை இடித்துவிட்டு நிற்காமல் போன சைக்கிள் இது. குழந்தையே அடையாளம் சொல்லிவிட்டாள். யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள்." பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. செயலாளரின் பதில்: "நம்ம ஊசியக்காவோடதாச்சே!"

வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். எங்கள் மூன்றாம் மாடிப் பெரியவருக்குக் காலில் ஆறாத புண். அவருக்காகத் தினமும் காலையில் வருகிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனால் எல்லோருக்கும் அக்கா. லிஃப்டில் பார்த்தால் குட்டியின் கன்னத்தைத் தட்டுவாள். தட்டின அதே கை!

குழு கொதிக்கிறது. "நர்சாம் நர்சு." "இவங்கள நம்பித்தானே கதவத் திறந்து விடறோம்." படிக்கப் படிக்க, ஒன்பது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போகிற மாதிரி இருந்தது. யார் என்று தெரிந்துவிட்டது. நான் இல்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் கேட்டருகே ஒரே சத்தம். காவலாளியிடம் செயலாளர் சொல்லி வைத்திருக்கிறார், அவளை உள்ளே விடக்கூடாது என்று. நான் குட்டியோடு இறங்கி வந்தபோது அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"பாப்பாம்மா, இங்க வாங்க. நானா இடிச்சேன்?"

"உங்க சைக்கிள்தான்."

"பச்சையா இருந்தா என் சைக்கிளா? அப்ப மரமெல்லாம் என்னுதா?"

"வெள்ளைப் பெட்டி..."

"கடையில வாங்கின பெட்டிங்க. எனக்குன்னு தனியாவா செஞ்சு குடுத்தான்?" பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். "அஞ்சாம் தேதி எட்டரைலேர்ந்து ஒம்பது வரைக்கும் மேல, மூணாவது மாடியில கட்டு மாத்திட்டிருந்தேன். டைம் போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கேன். பாருங்க."

செயலாளர் நடுவில் புகுந்தார். "நோட்டுல யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம். குழந்தை பொய் சொல்லுமா?"

அவள் நோட்டை என் பக்கம் நீட்டியபடியே நின்றாள். நான் வாங்கவில்லை. நர்சரிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நேரம் ஆகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. தழும்பு இருக்குமாம். சின்னதுதானாம்.

மார்ச் 19, வியாழன்

இன்று கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், ஒரு வயதான அம்மாவை உட்கார வைத்து, ரத்தம் பிடிக்கிற குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்து "இது நீங்கதானே?" என்று கேட்டாள். அந்த அம்மா "ஆமாம்மா" என்றார். ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் எழுந்து போய்த் தடுத்தேன். "உங்க பேர் என்னங்கம்மா?" என்று கேட்டேன். வேறு பெயர். அடுத்த நாற்காலிக்காரரின் குழாய் அது.

தனியே கூட்டிப்போய் அவளைப் பிடித்து விளாசினேன். "பேரை நாம சொல்லித் தலையாட்டச் சொல்லவே கூடாது. அவங்க வாயால சொல்லணும். பயந்திருக்கறவங்க, காது கேக்காதவங்க, நம்மள சந்தோஷப்படுத்த நினைக்கறவங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. பேரே இல்லாத குழாயா இருந்தா தூக்கிப் போட்டுட்டு இன்னொரு தடவை எடுக்கலாம். தப்பான பேர் ஒட்டின குழாய் இருக்கே, அது ஒருத்தருக்கு இல்லாத வியாதிக்கு மருந்து குடுக்க வெச்சிடும்."

சொல்லி முடித்த வாயை மூட முடியவில்லை. அந்தப் பெண், "சாரிக்கா, சாரிக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? உக்காருங்க" என்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் குட்டியைக் கூப்பிட்டேன். ஃபோனில் ஒரு சிவப்பு சைக்கிள் படம் எடுத்து, "இந்த சைக்கிள்தானே உன்னை இடிச்சுது?"

தலையாட்டினாள்.

இவருடைய சைக்கிள் படம். கறுப்பு. "இதுதானே?"

ஆட்டினாள்.

"இது அப்பா சைக்கிளாச்சே. அப்பாவா இடிச்சாங்க?"

என் முகத்தையே பார்த்தாள். எது சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று தேடுகிற பார்வை. பிறகு மெதுவாக, ஆமாம் என்று ஆட்டினாள்.

கேட்க வேண்டிய மாதிரி அப்போதுதான் கேட்டேன். "எந்த சைக்கிள், குட்டி? நீயே சொல்லு."

"பெரிசு" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

இவரிடம் எல்லாம் சொன்னேன். கையை விட்டதையும். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஜிப்ப மூடாம விட்டிருந்தா டிபன் டப்பா விழுந்திருக்கும். கைய விடத்தான் வேணும்" என்றார். அழுதேன். பிறகு, "அந்த அக்கா விஷயம் அப்படி இல்லம்மா. அத நீதான் சரி பண்ணணும்" என்றார். அதற்கு என்னிடம் அழுகை இல்லை.

மார்ச் 21, சனி

குழுவில் போட எழுதினேன். அழித்தேன். எழுதினேன். செயலாளரிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று கீழே போனேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இப்ப போய் மாத்திப் பேசினா மனு புஸ்ஸுன்னு போயிடும். ஆளை மாத்திச் சொல்றவங்க கையில நம்பரக் குடுக்கறதான்னு ஒரே கேள்வியில மடக்கிடுவாங்க. அறுபத்து மூணு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, உன்னை நம்பி. இருபத்தேழு முடியட்டும். அப்புறம் அந்தம்மாவுக்கு நானே சொல்றேன். ஆறு நாள்ல என்ன குடி முழுகிடப் போவுது?"

ஆறு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

மூன்றாம் மாடிப் பெரியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரமாகக் கட்டை அவருடைய மருமகள்தான் மாற்றியிருக்கிறார். புண் பழுத்துக் காய்ச்சல். உயிருக்கு ஒன்றுமில்லை. விரலைத்தான் எடுக்க வேண்டியிருக்குமோ என்று பார்க்கிறார்களாம்.

நான் மேலே போனேன். மருமகள் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். "அஞ்சாம் தேதி காலையில நர்ஸ் எப்ப வந்தாங்க?" இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன்.

"எட்டரைக்கு. ஒம்பதுக்குப் போனாங்க. தூறல் நிக்கட்டும்னு நான்தான் காப்பி குடுத்து உக்கார வெச்சேன்."

"குழுவில அத்தனை பேர் பேசினாங்களே, ஏங்க சொல்லல?"

பையின் வாரை இழுத்தபடி என்னைப் பார்த்தார். "குழந்தையே சொல்லிடுச்சுன்னு போட்டிருந்தீங்க. உங்க குழந்தை முகத்துல தையல் வேற. எந்த வாயால நான் இல்லன்னு சொல்றது? நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன். இப்ப எங்க மாமா கால்ல வந்து நிக்குது."

படியில் இறங்கும்போதே போட்டுவிட்டேன். நின்று எழுதியிருந்தால் மறுபடி அழித்திருப்பேன். "நான் சொன்னது தவறு. அந்த நேரத்தில் நர்ஸ் நம் மூன்றாம் மாடியில் இருந்தார். குழந்தை தானாகச் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன். தவறு முழுக்க என்னுடையது."

படத்தைப் போட்டபோது பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் பேசினார்கள். இதற்கு ஒருவர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். யார் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

மார்ச் 24, செவ்வாய்

ஊசியக்காவுக்கு ஃபோன் செய்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"குழுல போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"சரி. உங்க ஃபோட்டோ எங்கெங்க போச்சு தெரியுமா? நான் போற மூணு தெருவுலயும் இருக்கு. ரெண்டு வீட்டுல வர வேண்டாம்னுட்டாங்க. அங்கெல்லாம் யாருங்க போய்ச் சொல்றது?"

"நான் போறேன்."

"போங்க" என்றாள். அது கோபமா, சோர்வா? வைத்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் "அப்படியா, நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினார்கள். "இல்லன்னு நீங்க சொல்றீங்க. ஆனா எதுவும் இல்லாமலா பேச்சு வரும்?"

அந்தப் பேச்சைக் கிளப்பியவளே நான்தான் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார்களோ.

மார்ச் 27, வெள்ளி

பேசிவிட்டு வந்தேன்.

காலையிலிருந்து ஒரே கேள்விதான். எனக்கு இன்னமும் எண் வேண்டுமா, வேண்டாமா? எண் இருந்திருந்தால் ஊசியக்கா தப்பித்திருப்பாள். இது வேறு வண்டி என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அது உண்மை. ஆனால் தூறலில், பயத்தில், நான் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருந்தால்? மூன்றை எட்டாகப் பார்த்திருந்தால்? அந்த எண்ணை இதே குழுவில் இதே வேகத்தில் போட்டிருப்பேன். கூடவே அவள் வீட்டு முகவரியும் வந்திருக்கும். அதுவும் உண்மை.

ஐந்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் மனுவைப் பற்றிப் பேசவில்லை. என்ன செய்தேன் என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ "அய்யய்யே" என்றார். செயலாளர் முன்வரிசையில் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அணைந்த மொபைலை.

ஒரு பெண் உறுப்பினர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். "அப்ப உங்களுக்கு நம்பர் வேணுமா, வேண்டாமாம்மா? ஒண்ணு சொல்லுங்க."

"வேணும். இடிச்சவங்க பதில் சொல்லத்தான் வேணும். ஆனா அந்த நம்பர் யாருதுன்னு பாக்கற உரிமை என் மாதிரி ஆளுங்ககிட்ட இருக்கக் கூடாது. எங்க கூடத்துல ரத்தம் எடுத்ததும் குழாய்ல இருக்கற பேரை மறைச்சு பார்கோடு ஒட்டிடுவோம். வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கு அது வெறும் கோடு. கருவிக்குத்தான் பேர் தெரியும். இன்னொண்ணு, எட்டே முக்காலுக்கு நர்சரி வாசல் நடைபாதையில சைக்கிள் ஏன் ஏறுதுன்னும் பாருங்க. ரோட்டுல அதுக்கு இடமே இல்ல."

அடுத்தவர் சைக்கிள் கடைக்காரர். எண் வந்தால் ஏழைகள்தான் முதலில் அபராதம் கட்டுவார்கள் என்று என்னைவிட நன்றாகப் பேசினார். ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். வெளியே இவர் குட்டியோடு நின்றிருந்தார். "ஜெயிச்சியா, தோத்தியா?" என்றார். தெரியல என்றேன். தெரியல.

ஏப்ரல் 6, திங்கள்

பெரியவர் வீடு திரும்பினார். விரல் தப்பியது. காவலாளி அறையில் ஒரு புதுத் தாள் ஒட்டியிருக்கிறது: நர்ஸை அனுமதிக்கவும். என்ன நடந்தது என்று அதில் ஒரு வரி இல்லை.

ஏப்ரல் 15, புதன்

நகரசபையிலிருந்து கடிதம். நான்கு வரி. சைக்கிள் பதிவு பற்றி இப்போதைக்குத் திட்டமில்லை. நர்சரி வாசலில் நடைபாதைக்குக் குறுக்கே, சைக்கிள் ஏறாதபடி, இரும்புத் தூண்கள் நட ஒப்புதல் தரப்பட்டுள்ளது. இடித்தவர் யார் என்று இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. இதைத் தாங்க முடியாது என்று நினைத்திருந்தேன். காலையில் தலைவாரும்போது குட்டியின் தழும்பில் என் விரல் பட்டது. ரிப்பனைக் கட்டி முடித்தேன்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் குட்டியோடு இறங்கும்போது கேட்டில் ஊசியக்கா. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சிரிக்கவில்லை. குட்டியின் கன்னத்தையும் தட்டவில்லை.

சைக்கிளின் பின் மட்கார்டில் புதிதாக ஒரு தகரம், திருகாணியால் முடுக்கியிருந்தது. வெள்ளைப் பெயின்டில் பெரிய எழுத்துகள். அவள் பெயர், தொழில், ஃபோன் நம்பர், நர்ஸ் பதிவு எண்.

"யார் போடச் சொன்னாங்க?" என்றேன்.

"யாரும் சொல்லல. ஒவ்வொரு தெருவுலயும் நிறுத்தி, நீதானா அதுன்னு கேக்கறாங்க. பதில் சொல்லிட்டு நிக்கற நேரத்துல ரெண்டு வீடு முடிச்சுடலாம்."

காவலாளி குனிந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு கேட்டைத் திறந்தார். அவள் உள்ளே ஓட்டிப்போய் நிறுத்துமிடத்தில் நிறுத்தினாள். அங்கே குடியிருப்பின் மற்ற சைக்கிள்கள் நின்றன. நின்று எண்ணினேன். பதினொன்று. செயலாளர் மகனுடையது, எங்கள் வீட்டுடையது எல்லாம் சேர்த்து.

எதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.